வீட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை

தொலைவில் புகைவண்டி செல்லும் ஓசை கேட்டால், செய்யும் செயலை நிறுத்தி அதனை நோக்காத சிறுவர் மிகச் சிலரே. வளர்ந்து பெரியவரான பின்னரும் அவ்விருப்பம் நீங்கப்பெறாதவர் பலர் உளர். அவருள் சிலர் தம் வீட்டின் ஓர் அறையிலே மலையும் ஆறும் ஊரும் நிலையமும் சிறு வடிவிற் சமைத்து, அவற்றின் ஊடே சிறு வண்டிகளை ஓட்டி மகிழ்கின்றனர். இதனை மாதிரி இருப்புப்பாதை என்பர். திருவிழாக் கடையில் வாங்கிச் சாவி கொடுத்துச் சுழலவிடும் பொம்மை வண்டி வேறு, இது வேறு. பொம்மை வண்டி வெறுமனே சுற்றி வரும். மாதிரிப் பாதையில் ஓடும் வண்டியோ ஏதேனும் ஒரு வேலையின் பொருட்டு ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்.

இதில் முதற்கண் வேண்டப்படுவது அளவு பிழையாமை. உலகில் மிகுதியாக வழங்கும் எச்.ஓ. என்னும் முறையில், ஒவ்வொரு பொருளும் உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காக அமைக்கப்படும். அமெரிக்க நாட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். மாதிரியில் அது 16.5 மில்லிமீட்டர். ஆறடி உயர மனிதன் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தினனாய் நடைமேடையில் நிற்பான். கதவும் விளக்குக் கம்பமும் இக்கணக்கிற்கே அடங்குதல் வேண்டும். ஒன்று பிழைத்தாலும் கண் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆயினும் தொலைவு ஒன்று மட்டும் இக்கணக்கிற்கு அடங்காது. இருபது கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களை இம்முறைப்படி அமைத்தால், இடையே 230 மீட்டர் நீளப் பாதை வேண்டும். அத்துணை நீண்ட அறை எவ்வீட்டில் உண்டு? உண்மைப் பாதையில் 300 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுருக்கினாலும், மூன்றரை மீட்டர் ஆரம் தேவைப்படும். அறையிலோ 60 சென்டிமீட்டருக்கு இடம் கிடைப்பதே அரிது. ஆகவே, எதனை விடுவது, எதனை மறைப்பது என்று அறிதலே இக்கலையின் உயிர்நிலை. கூரிய வளைவைக் குகைக்குள் மறைப்பர். ஒரே அறையைப் பாதை மும்முறை சுற்றி வரினும், இடையே குன்றொன்று நின்று ஒன்றை மற்றொன்றிலிருந்து மறைக்குமாயின், மூன்றும் வெவ்வேறு நாடுகளாகவே தோன்றும். நூறு வீடுள்ள ஊரைப் பத்து வீடுகளாற் காட்டுவர். யாவற்றையும் அடைக்க முயன்றவர் அறை, ஊராகாது, தண்டவாளக் கிடங்காகும்.

மரச்சட்டங்களால் மேடை கட்டி, அதன்மேற் பாதைக்குரிய பலகைகளை வேண்டிய உயரத்தில் நிறுத்துவர். கம்பிவலையை மலைபோல் வளைத்துப் பாரிஸ் சாந்தில் தோய்த்த துணியைப் போர்த்தினால், உலர்ந்தபின் அது பாறையாகும். சாயமேற்றிய மரத்தூள் புல்லாகும். கல்பாசி இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் பாசி மரமாகும்.

வண்டியை இயக்குவது மின்னாற்றல். 12 வோல்ட் அளவுள்ள மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, சக்கரத்தின் வாயிலாக எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மோட்டாரை அடைந்து, மற்றைத் தண்டவாளத்தின் வழியே மீளும். அதன் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். இங்கே புதியோரைத் திகைக்கச் செய்யும் இடர் ஒன்று உண்டு. பாதை வளைந்து வந்து தன்னோடு தானே கூடுமாயின், இடப்புறத் தண்டவாளம் வலப்புறத் தண்டவாளத்தைச் சென்று தொடும். உடனே மின்சாரம் குறுக்கு வழியிற் பாய, ஓட்டம் நின்றுபோம். ஆதலின் அவ்வளைவின் இரு முனையிலும் தண்டவாளங்களை அறுத்து இடைவெளி விட்டு, அப்பகுதிக்கு மின்னோட்டத்தைத் தனியே செலுத்துவர். இக்காலத்தில் எஞ்சின்தோறும் ஒரு மின்னணுச் சில்லு வைத்து, ஒரே பாதையிற் பல வண்டிகளைத் தனித்தனியே ஆளும் முறை பரவியுள்ளது. அம்முறைக்கும் இவ்விடைவெளி வேண்டியதே.

இக்கலையிற் பெரும்புகழ் எய்தியவருள் ஒருவர், அமெரிக்கரான ஜான் ஆலன். அவர் 1913-இல் பிறந்தவர், ஒளிப்படக் கலைஞர். 1946-இல் மூன்றரை அடி அகலமும் ஏழடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உடைய ஒரு பலகையில் தம் முயற்சியைத் தொடங்கினார். பின்னர்க் கலிபோர்னியா மாநிலத்து மான்டரே என்னும் கடற்கரை ஊரில் வீடு வாங்கி, அதன் கீழறையை மலைநாடாக்கினார். பழைய பலகையையும் எறிந்துவிடாது அந்நாட்டின் ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டார். தம் பாதைக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர், எழுத்தில் இரண்டு ஊர்களின் பெயர் போலத் தோன்றும். வாய்விட்டுப் படித்தாலோ ‘குருதி தோய்ந்து தோற்றது’ என்று பொருள்படும்!

ஆலனின் மலைகள் தரையில் தொடங்கிக் கூரை வரை உயர்ந்து நின்றன. ஆங்காங்கே கண்ணாடிகளை மறைவாக நிறுத்தி, இல்லாத இடத்தையும் இருப்பதாகத் தோற்றச் செய்தார். ஏனையோர் பலர் தம் வண்டிகளை மினுக்கி வைத்திருந்த அந்நாளில், அவரோ எஞ்சின்மேல் புகைக்கரியும் துருவும் படிந்தாற்போல வண்ணம் தீட்டினார். வீடுகளை வெயிலும் மழையும் தின்ற பழைமையோடு செய்தார். உழைத்த பொருள் உழைத்ததாகவே தோன்றுதல் வேண்டும் என்பது நல்ல கருத்தே. பெட்டிகளைத் தள்ளும் எஞ்சின் ஒன்றுக்குப் பதிலாக, ஸ்டெகோசாரஸ் என்னும் பழங்கால விலங்கின் உருவை நிறுத்தி, எம்மா என்று பெயரும் 13 என்று எண்ணும் இட்டார். இத்தனை கணக்கு நிறைந்த நாட்டில் ஒரு குறும்பு இருப்பதில் தவறில்லை.

நாடு அமைந்த பின்னரே உண்மையான இன்பம் தொடங்கும். நண்பர்கள் கூடுவர், ஆளுக்கொரு வண்டியோ நிலையமோ ஏற்பர். சுவரில் விரைந்தோடும் கடிகாரம் ஒன்று தொங்கும். நம் ஐந்து நிமிடம் அதற்கு ஒரு மணி நேரம் ஆதலும் உண்டு. சரக்குப் பெட்டிகள் எவ்வெவ்வூரில் நிற்றல் வேண்டும் என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருமாயின், ஒன்று பக்கப்பாதையில் ஒதுங்கிக் காத்திருத்தல் வேண்டும். எது காத்திருப்பது என்பதிலே பேச்சும் சிரிப்பும் எழும். ஒருவர் பிழைப்பின் அனைவர் வண்டியும் தாமதப்படும்.

1973-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆலன் மாரடைப்பால் இறந்தார். பத்து நாட்களுக்குப் பின் அவ்வீட்டில் தீப்பற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பிற் சமைந்த மலைநாட்டின் பெரும்பகுதி எரிந்தழிந்தது. ஆனால் அவர் ஒளிப்படக் கலைஞர் அன்றோ? பாலங்களையும் பள்ளத்தாக்குகளையும் அவர் எடுத்த படங்கள் பல முன்னரே இதழ்களில் வெளிவந்திருந்தன. லின் வெஸ்ட்காட் என்பவர் ஆலனைப் பற்றி எழுதிய நூல் 1981-இல் அப்படங்களோடு வெளியாயிற்று. அவற்றை நோக்கி, ஆலனின் அந்த முதற் சிறு பலகையைப் போலவே மீண்டும் செய்து வண்டி ஓட்டியவர்களும் உளர்.