செலவில்லா விளையாட்டு – 9: கையளவு புளியங்கொட்டை

வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நின்று, நாலு வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். எல்லோரும் கைதட்டுவோம். அதே பிள்ளையிடம், "கூடையிலேர்ந்து நாலு சின்ன வெங்காயம் எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து நிற்கலாம். பிள்ளை மந்தம் என்று பதறவேண்டாம். எண்களின் வரிசை வாயில் ஏறிவிட்டது. நாலு என்றால் எவ்வளவு என்பது இன்னும் கையில் ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு படிப்பு. முதலாவதைக் காதால் கேட்டே கற்றுவிடலாம். இரண்டாவதை எடுத்து, வைத்து, நகர்த்தித்தான் கற்கவேண்டும்.

குழந்தைகளின் எண்ணறிவை ஆராய்கிறவர்கள் வைக்கும் சோதனையும் ஏறக்குறைய இந்த வெங்காயச் சோதனைதான். 'மூணு குடு', 'அஞ்சு குடு' என்று கேட்டு, பிள்ளை எந்த எண்ணில் தடுமாறுகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை, நாலு வயதை ஒட்டித்தான் இது பிடிபடுகிறது. சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இந்த இரண்டாவது படிப்புக்காக எண் சொல்லும் பொம்மை, பட்டனை அமுக்கினால் கைதட்டும் பொம்மை என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். புளியங்கொட்டை போதும் என்பது என் கட்சி. பொத்தானை அமுக்கும் பிள்ளை எண்ணுவதில்லை, பொம்மைதான் எண்ணுகிறது. கொட்டை சும்மா கிடக்கும். எண்ணும் வேலை முழுக்கப் பிள்ளையுடையது.

கொட்டை எடுத்த புளி பாக்கெட்டில் வரத்தொடங்கிய பிறகு நகரத்து வீடுகளில் புளியங்கொட்டை கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது கொட்டையோடு ஒரு கிலோ வாங்குங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொட்டை எடுங்கள். அதுவே ஒரு மாலைப்பொழுதுக்குக் காணும். பிசுக்குப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த டப்பாவின் இடம் அலமாரியின் மேல்தட்டு. வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்வதும், மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வதும் உண்மையில் நடக்கும் விபத்துகள். அந்த வயதுக்கு எலுமிச்சம்பழமும் டம்ளரும் கரண்டியும் போதும். பெரிய பிள்ளை ஆடும்போதும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதல் விளையாட்டு, கல்வியாளர் மரியா மாண்டிசோரியிடமிருந்து. 1939இல் பயிற்சி வகுப்பு நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தவர் அவர். 1940இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், இத்தாலியக் குடிமகள் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய கணிதக் கருவிகளில் ஒன்று, 0 முதல் 9 வரை எண் எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டி. அதோடு 45 மரக்குச்சிகள். 1 என்ற அறையில் ஒரு குச்சி, 2இல் இரண்டு என்று பிள்ளை போட்டுக்கொண்டே போகவேண்டும். முட்டை அட்டையில் பத்துக் குழிகளை வெட்டி எடுத்து, குழிக்குள் எண் எழுதி, 45 புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்தால் அந்தப் பெட்டி நம் வீட்டிலும் தயார். இதன் அழகு இரண்டு இடத்தில் இருக்கிறது. சரியாகப் போட்டிருந்தால் கடைசியில் கொட்டை மிஞ்சாது, குறையாது. எங்கேயோ பிசகினால் 9ஆம் குழியில் அது தெரிந்துவிடும். 'தப்பு' என்று நாம் வாய் திறக்கவே வேண்டாம். பிள்ளையே திரும்பிப் போய்த் தேடும். இன்னொன்று, 0 எழுதிய குழி. அதில் என்ன போடுவது என்று பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

அடுத்தது, ஆராய்ச்சியில் நிரூபணமான விளையாட்டு. இந்த வாரம் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரே நேர்வரிசையில் பத்துக் கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். அதுதான் பகடை. வெள்ளை விழுந்தால் ஒரு கட்டம், கறுப்பு விழுந்தால் இரண்டு கட்டம். முதலில் பத்தை எட்டியவருக்கு வெற்றி.

அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு உளவியலாளர்கள் வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர் பள்ளிக் குழந்தைகளை இப்படித்தான் விளையாடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலு அமர்வு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம் அளவுக்கு. ஆக மொத்தம் ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இதே ஆட்டம், கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நிறம். எண் கட்டத்தில் ஆடிய குழந்தைகள் எண்ணுவதிலும், எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரியது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் தங்கியிருந்தது. நிறக் கட்டத்தில் ஆடியவர்களிடம் அது இல்லை. 2008இல் வெளியான ஆய்வு இது. கட்டங்களை வட்டமாகப் போடுவதைவிட நேர்கோடாகப் போடுவதே பலன் தருகிறது என்றும் அவர்களே பின்னால் கண்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை விட்டால் பாதிப் பலன் போய்விடும். பிள்ளையின் காய் 3இல் நிற்கிறது, கறுப்பு விழுகிறது. காயை நகர்த்தும்போது 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லவிடக் கூடாது. கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து 'நாலு, அஞ்சு' என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் நாலு என்பது மூன்றைத் தாண்டி ஓரடி என்று கையும் கண்ணும் வாயும் ஒன்றாக அறிகின்றன. அந்த ஆய்விலும் குழந்தைகளை அப்படித்தான் சொல்லவைத்தார்கள்.

தேய்த்த கொட்டை சுடும். தொட்டுப் பார்த்த பிள்ளை அடுத்த நொடி அதை யார் கையிலாவது வைத்துச் 'சூடு' போடும். திட்டாதீர்கள். சூடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஈரத்தரையில் தேய்த்தால் அவ்வளவு சுடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். உராய்வு என்ற பாடம் பள்ளியில் வரும்போது அது பழகிய முகமாக இருக்கும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படித் தேய்த்த கொட்டை நாலு. தாயம் ஆடலாம். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், இரண்டு என்றால் இரண்டு, மூன்று என்றால் மூன்று, நாலும் வெள்ளை என்றால் நாலு, நாலும் கறுப்பு என்றால் எட்டு. என் அக்காவின் பேத்தி கோடை விடுமுறையில் ஆடிக்கொண்டிருந்தபோது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். தாள் நிரம்பியதும், "அம்மாச்சி, ரெண்டுதான் நிறைய விழுது. எட்டு வரவே மாட்டேங்குது, பாருங்க" என்றாள்.

"அதான்டி எட்டு விழுந்தா மறுபடி போடலாம்னு வச்சிருக்கு. சும்மா சும்மா விழுந்தா யாரு மறுஆட்டம் குடுப்பா?" என்றார் அக்கா.

பேத்தி கண்டது நிகழ்தகவு. நாலு கொட்டை விழக்கூடிய விதங்கள் மொத்தம் 16. அவற்றில் இரண்டு வெள்ளை வருவது 6 விதம், தாயம் 4 விதம், மூன்று 4 விதம். நாலும் எட்டும் ஆளுக்கு ஒரே விதம். கொட்டையின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வீட்டுக்கு வீடு கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதையும் சேர்த்துக் கோடு போட்டுப் பார்க்கட்டும். எந்தக் கொட்டை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கட்டும்.

கைக்குள் கொஞ்சம் கொட்டையை மூடிக்கொண்டு 'ஒத்தையா ரெட்டையா' கேட்பது பேருந்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும்கூட ஆடக்கூடியது. கையைத் திறந்ததும் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்துப் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையே என்பவர்கள் ஆளுக்கு ஏழாக 14 வட்டம் தரையில் வரைந்துகொள்ளலாம். குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. ஊர்தோறும் ஆட்டமுறை மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் முறையே உங்களுக்குச் சரி. குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் முறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிராளி கவனிக்குமுன் பசுவைப் பார்த்தாக வேண்டும். அதனால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லாமல், கண் பட்டதுமே 'நாலு' என்று பிள்ளைக்குத் தெரியத்தொடங்கும்.

தோற்கும்போது பிள்ளை அழும், கொட்டையை வாரி இறைக்கும். வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கத் தோன்றும். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்புறம் ஆட்டத்தில் ருசி இல்லை. பல்லாங்குழியிலேயே இதற்கு வழி இருக்கிறது. கொட்டை குறைந்தவர் நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட்டு, மிச்சக் குழிகளோடு அடுத்த ஆட்டம் ஆடலாம். ஜெயித்து மூடிய குழியைத் திறக்கவும் செய்யலாம். மூன்று குழியோடு இருந்த பிள்ளை ஐந்தாவது குழியைத் திறக்கும் ஆட்டத்தில், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வராது.

(அடுத்த வாரம்: பழைய செய்தித்தாள்)