மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்



மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் உங்கள் கவனம் எங்கே இருக்கிறது? பணம் கட்டும் வரிசையிலும் ஆட்டோ பிடிப்பதிலும்தான். மருந்துப் பையை வீட்டுக்கு வந்த பிறகே பிரிக்கிறோம். அப்போது விளக்கம் சொல்ல எவரும் அருகில் இருப்பதில்லை.

அசோக் நகரில் எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் நன்னிமா, காலில் புண்ணுக்காகப் பத்து நாள் படுத்திருந்து சென்ற ஆண்டு இப்படித்தான் வீடு திரும்பினார். சிறுமியின் தாயார் மருந்துச் சீட்டை என்னிடம் கொண்டு வந்தார். பட்டம் பெற்றவர் என்ற மரியாதையில் இத்தகைய சீட்டுகள் என்னிடம் வருவது வழக்கம். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று படித்துச் சொல்லி அனுப்பினேன். நான் பயின்றது வரலாறு, மருந்தியல் அன்று.

நான்காம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்த நன்னிமா, உடலெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, உளூச் செய்யும் இடத்திலேயே சாய்ந்துவிட்டார். இரத்தத்தில் சர்க்கரை 46 தான் இருந்தது. வீட்டில் முன்பே இருந்த மாத்திரையும் புதிதாகக் கொடுத்த மாத்திரையும் கிளிமிபிரைட் என்னும் ஒரே மருந்து. அட்டையில் இருந்த வணிகப் பெயர்தான் வேறு. இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார். பழைய மருந்து வீட்டில் உண்டா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீண்டும் மருத்துவமனை; இம்முறை வேறொன்று. அங்கிருந்து புறப்படும் நாளில் வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவி ஒருவர் வந்து கட்டிலருகே அமர்ந்தார். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டு வரும்படி முதல் நாளே சொல்லியிருந்தார். பிஸ்கட் டப்பாவில் வந்தவற்றை விரிப்பில் பரப்பி, வேண்டாதவற்றைத் தனியே கட்டினார். பிறகு, "பாட்டி, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். நன்னிமா இருமுறை தவறாகச் சொன்னார். மாணவி முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை சரியாக வந்தது.

'பார்ம்.டி.' என்னும் படிப்பு நம் நாட்டில் 2008-இல் வந்தது. ஆறாண்டுப் படிப்பு; கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. உதகை ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி மாணவர்கள் அங்குள்ள அரசுத் தலைமை மருத்துவமனையில் நெடுங்காலமாக இப்பணியைப் பயின்று வந்துள்ளனர். நமக்கு அருகே போரூர் ராமச்சந்திராவிலும் இப்படிப்பு உண்டு. பதிவு பெற்ற மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கம் கூற வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகளே கூறுகின்றன. ஆகவே, மருந்துக் கடையிலும் நீங்கள் கூச்சமின்றிக் கேட்கலாம். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்!

ஒரே மருந்துக்குப் பல பெயர் என்னும் தொல்லை புதிதன்று. 11-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி தமது 'கிதாபுஸ் ஸைதனா'வில் மருந்துகளின் பெயர்களை அரபு, பாரசீகம், சிரியாக், கிரேக்கம் எனப் பல மொழிகளில் தொகுத்து வைத்தார். இன்று அட்டையைத் திருப்பினால் போதும். வணிகப் பெயருக்கு அருகிலேயே மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும்.

அந்த மாணவி நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும், "ரமளானில் நோன்பு வைப்பீர்களா?" என்று கேட்டார். வைப்பேன் என்றதும், அளவைத் தாமாக மாற்றிச் சொல்லாமல் மருத்துவரை அழைத்து வந்தார். சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். அதாவது, ரஜப் மாதத்திலேயே. காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் நாமாகவே மாற்றிக்கொள்கிறோமே, அது ஆபத்து. நன்னிமாவுக்கு, புண் ஆறும் வரை நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை நானும் எடுத்துச் சொன்னேன். அவர் அழுதார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இப்போது அந்த வீட்டில் மாத்திரை அட்டையின் சிற்றெழுத்தைப் படிக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியுடையது. சில நாள்களில் மதரஸாவுக்குத் தாமதமாக வருகிறாள். நான் காரணம் கேட்பதில்லை.