ட்ரையல் ரூமில் எந்த சைஸும் செட் ஆகலையா? உங்க குர்தியை நீங்களே தைக்கலாம்!

தோள் சரியா இருந்தா ஹிப்ல பிடிக்கும். ஹிப்புக்கு ஏத்த சைஸ் எடுத்தா தோள் தொங்கும். ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு, `என் உடம்புதான் சரியில்ல போல'ன்னு நினைச்சிருக்கீங்களா? தப்பு உங்க உடம்புல இல்லை. ரெடிமேட் நிறுவனங்கள் ஒரு மாதிரி அளவை வைத்துக்கொண்டு, அதையே கூட்டியும் குறைத்தும் எஸ், எம், எல் என வெட்டுகின்றன. 36 இன்ச் மார்பும் 42 இன்ச் ஹிப்பும் உள்ள பெண்ணுக்கு அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடமே இருக்காது.

சரி, நாமே தைக்கலாமா? தாராளமா! மெஷின் பற்றி ரொம்ப யோசிக்காதீங்க. வீட்டு மூலையில் துணி போட்டு மூடிவைத்த அம்மாவோட பழைய மெஷின் போதும். எண்ணெய் விட்டு, காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி மாட்டுங்க. முதல் 2 நாள் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுப் பேப்பரில் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்க. கை நேராகிடும்.

அடுத்து அளவு. இதில்தான் பாதிப் பேர் சறுக்குறாங்க. உங்களை நீங்களே அளக்காதீங்க. குனிஞ்சு டேப்பைப் பார்த்தாலே அளவு மாறிடும். வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்க. வயிற்றை எக்கிக்கிட்டு நிற்கவும் வேண்டாம். குர்தி போட்டுக்கப்போறது எக்கின வயிறு இல்லையே!

மார்பு 36 இன்ச் என்றால், 4-ல் ஒரு பங்கு 9. அதோடு லூஸுக்கு 1, உள்தையலுக்கு 1 சேர்த்து, நாலாக மடித்த துணியில் 11 இன்ச் வரும். ஹிப்புக்கும் இதே கணக்குதான். சிலர் டேப்புக்குள் 2 விரல் விட்டு அளந்து, கட்டிங்கிலும் லூஸ் சேர்ப்பாங்க. குர்தி கூடாரம் ஆகிடும்.

முழங்கால் நீள குர்திக்கு 44 இன்ச் அகலத் துணியில் இரண்டரை மீட்டர் எடுத்தால் தாராளம். வாங்கியதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணிட்டுத்தான் வெட்டணும். காட்டன் முதல் சலவையில் சுருங்கும். துணியின் கரை நீளவாக்கில் இருக்கட்டும். சாய்வாக வெட்டினால், துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கிட்டு முன்னாடி வந்துடும்.

தயவுசெஞ்சு நல்ல துணியில் முதலில் கத்தரி வைக்காதீங்க. நான் வெச்சேன். பாட்டியோட சுங்குடிச் சேலை அது. தோளை ஓர் இன்ச் தப்பாக வெட்டினதில், கடைசியில் தலையணை உறைதான் மிஞ்சியது. காடா துணி அல்லது பழைய பெட்ஷீட்டில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்துட்டு, திருத்தங்களை நியூஸ்பேப்பரில் வரைந்து வெச்சுக்கோங்க. அந்தப் பேப்பர்தான் இனி உங்க சைஸ்.

போட்டுப் பார்க்கும்போது சுருக்கங்களைக் கவனிங்க. ஹிப்பில் குறுக்குவாட்டில் மடிப்பு விழுந்தால், அங்கே இறுக்கம். முதுகுப் பக்கம் கழுத்து எழும்பி நின்றால், கழுத்தின் அகலம் கூடிப்போச்சு. கையைத் தூக்கினால் மொத்த குர்தியும் மேலே ஏறுதா? `டைட்டா இருக்கு'ன்னு நினைச்சு பலரும் பக்கத் தையலைப் பிரிப்பாங்க. பிரச்னை பெரும்பாலும் அங்கே இல்லை, கைக்குழியில்! அது ரொம்ப கீழே இறங்கியிருந்தால், கையோடு சேர்ந்து உடம்புப் பகுதியும் இழுபடும். குழியை அக்குளுக்குக் கொஞ்சம் பக்கமாக ஏற்றி வெட்டிப் பாருங்க, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிச்சாலும் குர்தி அசையாது. முன்பக்கக் குழியை மட்டும் பின்பக்கத்தைவிட அரை இன்ச் கூடுதலா உள்வாங்கி வெட்டணும். இல்லைன்னா முன்னாடி துணி சேர்ந்து உப்பி நிற்கும்.

நல்ல துணியில் தைக்கும்போதும், பக்கத் தையலை முதலில் கையால் ஓட்டுத் தையலாகப் போட்டு, உட்கார்ந்து, எழுந்து, குனிந்து பார்த்த பிறகு மெஷினுக்குக் கொண்டுபோங்க. உள்ளே விட்ட அந்த 1 இன்ச் துணியை மட்டும் அழகுக்காக வெட்டிடாதீங்க. அடுத்த வருஷம் உடம்பு கொஞ்சம் போட்டால், அதே குர்தியைப் பிரிச்சுப் போட்டுக்கலாம்.