என் கணக்கை யார் பார்ப்பது?



நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த இல்லத்தரசி. வயது 39. சென்னையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மாமியார், நாங்கள் நாலு பேர், கொழுந்தனார் வீட்டில் நாலு பேர், ஆக மொத்தம் ஒன்பது பேர். ஒரே அடுப்பு, ஒரே சமையல்.

நாற்பதை நெருங்கும்போது வேலையை மாற்றலாமா, வீடு அதைத் தாங்குமா என்று யோசிக்கிற பெண்கள் நம்மில் பலர் உண்டு. அப்படிப் போகிறவளுக்காக வீட்டில் அடுப்பைப் பார்த்துக் கொள்கிற பெண்களும் உண்டு. இரண்டு பேருக்குமே பயன்படும் என்றுதான் எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

என் ஓரகத்தி பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் பயிற்சி எடுத்தவள். சி.ஏ. கடைசிப் பரீட்சையில் ஒரு குரூப் பாஸ் செய்த நேரத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு குழந்தைகள். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் பத்து வருஷம் வேலை பார்த்தாள். பாக்கியிருந்த குரூப் மட்டும் அவள் மனசை அரித்துக் கொண்டே இருந்தது. ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க் வாங்கினால் போதாது. குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வர வேண்டும். ஒரு தடவை எல்லாப் பேப்பரிலும் நாற்பதைத் தாண்டியும், மொத்தத்தில் ஆறு மார்க்கில் கோட்டை விட்டாள். கடைசியில் 2022-ல் 35 வயதில் பாஸ் செய்தாள். வீட்டில் அன்று பாயசம் வைத்தது நான்தான்.

பாஸ் செய்ததும் பழைய இடத்திலேயே பதவி உயர்வு கிடைக்கும் என்று நினைத்தோம். அவளோ, "அக்கா, பத்து வருஷம் கணக்கு எழுதிட்டேன். இனிமே அடுத்தவங்க எழுதின கணக்கைச் சரி பார்க்கப் போறேன்" என்று சொல்லி, உலகம் முழுக்கக் கிளை உள்ள ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்து விட்டாள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பதவியிலோ இறங்கித்தான் சேர்ந்தாள். அவளுக்கு மேலதிகாரி 28 வயதுப் பையன். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று மாமியார் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் வாயால் கேட்கவில்லை, மனசுக்குள் கேட்டேன்.

ஆடிட்டர் என்றால் வருமான வரி கட்டித் தருபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு பகுதிதானாம். கணக்கை எழுதுவது கம்பெனியின் பொறுப்பு. அந்தக் கணக்கு கம்பெனியின் உண்மை நிலையைச் சரியாகக் காட்டுகிறதா என்று வெளியிலிருந்து வந்து பார்த்து, கருத்துச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது ஆடிட்டரின் வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பேங்க் கடன் கொடுக்கிறது, முன்பின் தெரியாத ஜனங்கள் பங்கு வாங்குகிறார்கள்.

"கம்பெனிக்காரங்க சொல்றதை அப்படியே நம்பிட முடியாது அக்கா. பால்காரர் நோட்டும் நம்ம வீட்டுக் காலண்டரும் ஒத்துப் போகுதான்னு நீங்க பார்க்கிறீங்க இல்ல, அதேதான்" என்றாள். பேங்கில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று கம்பெனி காகிதம் காட்டினால் போதாதாம். ஆடிட்டரே பேங்குக்கு நேரடியாக எழுதிக் கேட்டு, பதிலும் ஆடிட்டருக்கே நேராக வர வேண்டுமாம். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? பேங்கிலும் கையிலும் இருப்பதாகக் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் வெறும் காகிதத்தில்தான் இருந்தது என்று கம்பெனித் தலைவரே ஒப்புக் கொண்டார். அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே அப்படி!

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேர்ந்த இரண்டாவது வாரமே மொட்டை மாடியில் தனியாக நின்று அழுது கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போன நான் பார்த்து விட்டேன். "இதை கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷத்துல முடிக்கலாமே, மேடம்" என்று அந்தப் பையன் எல்லோர் முன்னாலும் சொல்லி விட்டானாம். பயிற்சிக்கு வந்த 20 வயதுப் பிள்ளைகள் கூட அவளை விட வேகமாம். "விட்டுடலாமா அக்கா?" என்றாள். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. "சமைக்கத் தெரியாம வந்தவதான் நானும். கேட்டுக் கேட்டுத்தானே கத்துக்கிட்டேன்? நீயும் கேளு" என்றேன். மறுநாளிலிருந்து வெட்கத்தை விட்டு அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக் கொண்டாள்.

பத்து வருஷ அனுபவம் வீண் போகவில்லை என்பது அடுத்த ஏப்ரலில் தெரிந்தது. ஒரு தொழிற்சாலைக் கணக்கில் மார்ச் 31-ம் தேதியிட்ட பில்கள் நிறைய இருந்தன. பில் இருக்கிறது, தொகை சரி, கையெழுத்து சரி என்று மற்றவர்கள் டிக் அடித்து விட்டார்கள். இவள் மட்டும், "வாசல்ல செக்யூரிட்டி எழுதுற நோட்டைக் கொண்டு வாங்க" என்றாளாம். அதில் பார்த்தால் லாரி வெளியே போனது ஏப்ரல் 3! சரக்கு வாசலைத் தாண்டாமலே விற்று விட்டதாகப் பில் போட்டு, அடுத்த வருஷ விற்பனையை இந்த வருஷத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி எது, எந்த ஊர் என்று இன்று வரை வீட்டில் சொன்னதில்லை. சொல்லவும் கூடாதாம். 'பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிற மாதிரி ஆடிட்டர்களும் சிலவற்றை எடுத்துத்தான் பார்க்கிறார்கள். எந்த மூலையில் சோறு அடிப்பிடிக்கும் என்பது அடுப்படியில் நின்றவளுக்குத்தானே தெரியும்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

மார்ச் 31-ல் வருஷக் கணக்கு முடிகிறது. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகள் 60 நாளுக்குள் வருஷ முடிவுகளை வெளியிட வேண்டும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அவள் வீடு வந்து சேர இரவு பத்தரை, பதினொன்று ஆகும். 2023 ஏப்ரலில் என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு பொதுத் தேர்வு. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து விட்டு, ஓரகத்தியின் எட்டு வயதுப் பையனுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்து, நாலு வயதுக் குட்டியைத் தூங்க வைத்து, நான் படுக்கும்போது மணி பதினொன்று. காலையில் ஐந்துக்கு எழுந்தால் மாமியார், "அவ களைச்சுப் போய் வந்திருக்கா, தூங்கட்டும். நீ வீட்டிலதானே இருக்கே" என்பார். அந்த 'வீட்டிலதானே' என்கிற சொல் முள் மாதிரி தைக்கும்.

மகளுக்குக் கணக்குப் பரீட்சை. அதற்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அன்றும் அவள் வர மணி பத்தே முக்கால். குட்டி சாப்பிடாமலே தூங்கி விட்டாள். "அக்கா, பாப்பாவுக்கு ஒரு தோசையாவது ஊத்திக் குடுத்திருக்கலாமே" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம்!

"ஊர்ல இருக்கிற கணக்கையெல்லாம் பார்க்கிறியே, என் கணக்கை யார் பார்க்கிறது?" என்று கத்தி விட்டேன். பத்து வருஷத்தில் நான் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. வீடே அமைதியாகி விட்டது. அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் விட்டாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. கூட்டுக் குடும்பம் இதோடு உடைந்து விடும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு நோட்டுடன் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க கேட்டது நியாயம்தான் அக்கா. ஒரு வாரம் எல்லாரும் என்ன செய்றோம்னு நேரத்தோட எழுதுவோம்" என்றாள். அடுப்படிக் கதவில் நோட்டைக் கட்டித் தொங்க விட்டாள். அடுத்த ஞாயிறு எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். நான் ஒரு நாளைக்குச் சராசரியாக 13 மணி நேரம் வேலை செய்கிறேன். கொழுந்தனார் வீட்டு வேலை செய்தது 20 நிமிஷம். என் வீட்டுக்காரர் 15 நிமிஷம், அதுவும் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து வந்ததையும் சேர்த்து! சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக் கொண்டு, என் பக்கத்தை முழுசாகப் படித்தார். அதற்குப் பிறகு 'வீட்டிலதானே' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்றே சில மாற்றங்கள் முடிவாயின. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது கொழுந்தனார் வேலை. மளிகை, காய்கறி, பையனின் கணக்குப் பாடம் என் வீட்டுக்காரர் வேலை. ஏப்ரல், மே மாதங்களிலும், வரித் தணிக்கையும் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டமும் நெருக்குகிற ஆகஸ்ட், செப்டம்பரிலும் சமையலுக்கு ஓர் அம்மா வருவார். அவர் சம்பளம் ஓரகத்தியின் பொறுப்பு. ஞாயிறு சாயங்காலம் முழுக்க என்னுடையது. இவற்றோடு, போஸ்ட் ஆபீசில் என் பெயரில் மாதம் 3,000 ரூபாய்க்கு ஆர்.டி. ஒன்றும் ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றேன். "இது உதவி இல்ல அக்கா. எழுதாம விட்டுப் போன வரவு" என்றாள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

சிக்கல் அதோடு முடியவில்லை. கொழுந்தனார் கல்யாணத்துக்கு முன்பே சில கம்பெனிகளின் பங்குகள் வாங்கி வைத்திருந்தார். ஆடிட் செய்கிறவரின் புருஷன், பெண்டாட்டி பெயரில் அந்தக் கம்பெனிப் பங்கு இருந்தால் பாரபட்சம் வரும் என்று சட்டமே இருக்கிறதாம். 2013-ம் வருஷ கம்பெனிச் சட்டத்தின் கீழ் சொந்தக்காரர்களுக்கு முகமதிப்பில் 1 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. இவள் அலுவலகத்தில் விதி அதை விடக் கடுமை. ஒரு பங்கை விற்றே ஆக வேண்டும் என்றார்கள். "என் காசுல வாங்கினதை உன் ஆபீஸ் விற்கச் சொல்லுமா?" என்று அவர் குதித்தார். இரண்டு நாள் பேச்சு வார்த்தையே இல்லை. பிறகு விற்றார். தீபாவளிக்கு ஒரு கம்பெனியிலிருந்து வந்த பெரிய இனிப்புப் பெட்டியையும் அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். பிள்ளைகளின் முகம் வாடிப் போனது. நெருக்கம் கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது என்றும் சட்டம் இருக்கிறதாம்.

நானும் கொஞ்சம் கற்றுக் கொண்டேன். 2024-ல் மாமியாரின் எழுபதாவது பிறந்த நாளுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தோம். திருப்பிக் கொடுக்கும்போது பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "இப்போ பாத்திரத்தைப் பார்த்துப் பட்டியல்ல தேடுங்க அக்கா" என்றாள். தேடினால், எங்கள் வீட்டுப் பித்தளைக் கரண்டி இரண்டு அந்தக் குவியலில் போக இருந்தது! பட்டியலிலிருந்து பொருளுக்குப் போனால் காணாமல் போனது தெரியும். பொருளிலிருந்து பட்டியலுக்கு வந்தால் எழுதாமல் விட்டது தெரியும். மார்ச் 31 அன்று குடோன்களில் சரக்கு எண்ணும்போது அவர்கள் செய்வதும் இதேதானாம்.

நம் வீடுகளிலும் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது, தோழிகளே. வேலைக்குப் போகிறவளின் களைப்பு வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. அவள் போவதற்காக வீட்டில் நிற்கிறவளின் களைப்பு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அதைச் சொல்ல நான் காய்ச்சலில் கத்த வேண்டியதாயிற்று. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு பேருமே அழுதிருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலை மாறப் போகிறார் என்றால், சேருவதற்கு முன்பே ஒரு நோட்டு போட்டு விடுங்கள்.

நம் சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம் அம்மையார் 1933-லேயே கணக்காளர் தேர்வில் தேறி, இந்தத் துறையில் இந்தியாவின் முதல் பெண்மணி ஆனார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்த பிறகு படித்து ஜெயித்தவர். இதை ஓரகத்தி சொல்லித்தான் நான் தெரிந்து கொண்டேன். அப்படியிருக்க, 35 வயது ஒரு வயதா?

இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாரையும் எல்லோர் முன்னாலும் கடிந்து பேசுவதில்லையாம். அன்று பரீட்சை எழுதிய என் மகள் 2025-ல் பி.காம். சேர்ந்தாள். "சித்தி மாதிரி ஆடிட்டர் ஆவேன்" என்கிறாள். ஆகட்டும். அவள் வீட்டிலும் அடுப்படிக் கதவில் ஒரு நோட்டு தொங்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, சென்னை.