எண்ணிமப் படக்கருவி மின்கலம்

எண்ணிமப் படக்கருவி மின்கலம் என்பது, டிஜிட்டல் கேமரா எனப் பரவலாக அறியப்படும் எண்ணிம ஒளிப்படக்கருவி இயங்குவதற்குத் தேவையான மின்னாற்றலை வழங்கும் மின்வேதிக் கலம் ஆகும். படச்சுருளைப் பயன்படுத்திய பழைய கருவிகளுள் சில மின்கலம் இன்றியே படம் எடுக்கக் கூடியவை. எண்ணிமக் கருவியில் ஒளியை உணர்தல், படத்தைச் செயலாக்குதல், சேமித்தல், திரையில் காட்டுதல் ஆகிய அனைத்தும் மின்சாரத்தாலேயே நடைபெறுகின்றன. எனவே மின்கலம் விரைவில் தீர்ந்துபோதல் இக்கருவிகளில் பரவலாகக் காணப்படும் குறைபாடாகும். பல வேளைகளில் இதற்குக் காரணம் கருவியின் பழுது அன்று. பொருத்தமற்ற மின்கலமும் பயன்படுத்தும் முறையுமே ஆகும்.

மின்னாற்றல் செலவாகும் பகுதிகள்

பின்புறத் திரை, மின்னணுக் காட்சிகாணி, பட உணரி, செயலி ஆகியவை கருவி இயங்கும் நேரம் முழுவதும் மின்னாற்றலை நுகர்கின்றன. வில்லையை நகர்த்தும் மின்னோடிகளும் மின்வெட்டொளியும் குறுகிய நேரத்தில் மிகுதியான மின்னோட்டத்தை வேண்டுவன. மின்வெட்டொளிக்கான மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட்டு வரை மின்னேற்றப்படுகின்றது. நிகழ்படம் எடுக்கும்போது உணரியும் செயலியும் இடைவிடாது இயங்குவதால் மின்கலம் விரைவாகத் தீர்கின்றது.

அகத்தடையின் விளைவு

2000களில் விற்பனையான சிறிய படக்கருவிகள் பல ஏஏ அளவு மின்கலங்களில் இயங்கின. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் காரக் கலங்கள் இவற்றில் சில படங்களுடன் தீர்ந்துவிடுவது உண்டு. ஆயினும் அதே கலங்களைச் சுவர்க்கடிகாரத்தில் இட்டால் அவை மேலும் பல மாதங்கள் இயங்கக்கூடும். இதற்குக் காரணம் கலத்தின் அகத்தடை ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஓரளவு பயன்படுத்தப்பட்ட காரக் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.3 வோல்ட்டு எனவும் அதன் அகத்தடை 0.4 ஓம் எனவும் கொள்க. கருவி 1 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்போது 0.4 வோல்ட்டு கலத்தின் உள்ளேயே இழக்கப்பட்டு, 0.9 வோல்ட்டு மட்டுமே வெளியே கிடைக்கும். கருவி இதனைத் தீர்ந்த கலமாகக் கருதி நின்றுவிடும். நிக்கல்-உலோக ஐதரைடு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட்டே எனினும், அதன் அகத்தடை மிகக் குறைவு. 0.03 ஓம் எனக் கொண்டால் இழப்பு 0.03 வோல்ட்டு மட்டுமே. ஆகவே மின்னழுத்தம் குறைந்த கலமே இங்குக் கூடுதலான படங்களை எடுக்க உதவுகின்றது.

மின்கல வகைகள்

* காரக் கலம்: 1.5 வோல்ட்டு. மீள மின்னேற்ற இயலாது. அவசரத் தேவைக்கு மட்டும் ஏற்றது.
* நிக்கல்-உலோக ஐதரைடு கலம்: பல நூறு முறை மின்னேற்றலாம். பழைய வகைகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில வாரங்களில் மின்னேற்றத்தைக் கணிசமாக இழந்தன. 2005 ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் எனெலூப் என்னும் பெயரில் வெளியிட்ட கலங்கள் ஓராண்டின் பின்னரும் பெரும்பகுதி மின்னேற்றத்தைத் தக்கவைத்தன.
* இலித்தியம் முதன்மைக் கலம்: 1.5 வோல்ட்டு. எடை குறைந்தது, குளிரிலும் நன்கு இயங்கும், மீள மின்னேற்ற இயலாது.
* இலித்தியம்-அயனிக் கலம்: ஏறத்தாழ 3.6 வோல்ட்டு. 1991 இல் சோனி நிறுவனத்தால் வணிக முறையில் அறிமுகப்படுத்தப்பட்டது. இன்றைய படக்கருவிகளுள் பெரும்பாலானவை இதனையே பயன்படுத்துகின்றன.

வாழ்நேரத்தை நீட்டிக்கும் முறைகள்

* திரையின் ஒளிர்வைக் குறைத்தலும், கருவி தானாக அணையும் நேரத்தைக் குறைத்து வைத்தலும் பயன் தரும். தேவையற்ற இடங்களில் மின்வெட்டொளியை நிறுத்தி வைக்கலாம்.
* சில கருவிகளில் மின்கல வகையைத் தெரிவுசெய்யும் அமைப்பு உண்டு. அது தவறாக இருப்பின், மின்னேற்றம் எஞ்சியிருக்கும்போதே கருவி அணைந்துவிடும்.
* பழைய கலங்களையும் புதிய கலங்களையும் கலந்து இடலாகாது. தொடராக இணைந்த கலங்களில் வலுக்குறைந்த ஒன்று முதலில் தீர்ந்து, பிறவற்றால் எதிர்த்திசையில் மின்னேற்றப்பட்டுப் பழுதடையும்.
* மின்முனைகளில் படியும் அழுக்கு தடையைக் கூட்டும். அவற்றை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும்.
* குளிரில் வேதிவினை மந்தமாவதால் கலம் தீர்ந்ததுபோல் தோன்றும். சட்டைப்பையில் வைத்துச் சூடேறியபின் அது மீண்டும் இயங்கக்கூடும்.
* இலித்தியம்-அயனிக் கலத்தை முழுமையாகத் தீர்த்தபின்னரே மின்னேற்ற வேண்டும் என்பது தவறான கருத்து. இது நிக்கல்-காட்மியம் கலங்களின் நினைவு விளைவிலிருந்து வந்த பழக்கமாகும். நெடுநாள் பயன்படுத்தாதபோது இலித்தியம்-அயனிக் கலத்தை ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைத்தல் நன்று.

அளவீடு

ஒரு மின்னேற்றத்தில் எடுக்கக்கூடிய படங்களின் எண்ணிக்கையை ஒப்பிட, சப்பானின் படக்கருவி மற்றும் படிமப் பொருட்கள் சங்கம் 2003 ஆம் ஆண்டில் ஒரு சீர்தரத்தை வெளியிட்டது. இதன்படி 23 பாகை செல்சியசு வெப்பநிலையில், திரையை இயக்கி, 30 நொடிகளுக்கு ஒரு படம் வீதம் எடுக்கப்படும். மின்வெட்டொளி உள்ள கருவியில் ஒன்றுவிட்டொரு படத்திற்கு அது பயன்படுத்தப்படும். ஆகவே மின்வெட்டொளியின்றித் தொடர்ச்சியாகப் படம் எடுப்போர் குறிப்பிடப்பட்ட எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவும், எடுத்த படங்களைத் திரையில் நெடுநேரம் பார்ப்போர் குறைவாகவும் பெறுவர்.

பாதுகாப்பு

இலித்தியம்-அயனிக் கலத்தின் முனைகள் சாவி, நாணயம் போன்ற உலோகப் பொருட்களால் இணைந்தால் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். வானூர்திப் பயணத்தில் உதிரிக் கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச்செல்லலாம். வீங்கிய கலங்களைப் பயன்படுத்தலாகாது.