வேப்பேரி ஆலயத்தின் இருக்கைகளும் 1950ஆம் ஆண்டின் ஆணையும்

மதம் மாறியவரைச் சாதி தொடராது என்னும் ஊகத்தின் மேல்தான் 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி நிற்கிறது. இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது அப்பத்தி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். இந்த ஊகம் எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சென்னை வேப்பேரியின் தூய மத்தியா ஆலய வரலாறே சான்று.

அர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். வேப்பேரியில் அவர் ஆதரித்த சிற்றாலயத்தை ஆங்கிலேய அரசு 1752இல் சீர்திருத்தச் சபையின் மிஷனரிகளிடம் ஒப்படைத்தது. 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை அச்சிட்டு வெளியிட்ட பப்ரிசியுஸ் ஊழியம் செய்த இடம் இதுவே. 1820களில் இம்மிஷன் ஆங்கிலிக்கன் திருச்சபையின் நேரடிப் பொறுப்பில் வந்தது.

தமிழை வளர்த்த இந்த மிஷன் மரபு சாதியையும் பொறுத்துக்கொண்டது. வெள்ளாளர் முதலிய ஆதிக்க சாதிக் கிறித்தவர் ஓரிடத்திலும் பறையர் சமூகக் கிறித்தவர் வேறிடத்திலும் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்னவர் பெற்ற பின்னரே மற்றவர் அணுகும் வழக்கம் தமிழகச் சபைகளில் நிலவியது.

சென்னை அப்போது கல்கத்தா பேராயத்துக்கு உட்பட்டிருந்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதிய சுற்றுமடலில், சபைக்குள் சாதியை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட ஆணையிட்டார். தனி இருக்கை, திருவிருந்தில் முன்பின் வரிசை, கல்லறைத் தோட்டத்தில் தனியிடம் ஆகிய அனைத்தையும் அம்மடல் விலக்கியது.

விளைவு என்ன? மடல் வாசிக்கப்பட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதி காத்தோர் ஆலயத்தைவிட்டு விலகினர். சாதி மத வழக்கமன்று, ஐரோப்பியரிடையே உள்ள அந்தஸ்து வேறுபாடு போன்ற சமூக ஏற்பாடே என்பது அவர்களின் வாதம். பின்னாளில் சாதியை ஓரளவு பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் பலர் இணைந்தனர். ஒரே இருக்கையில் அமர்வதைவிடச் சபை மாறுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. உறவு, திருமணம், உணவு ஆகியவற்றில் வேரூன்றிய சாதியைப் பேராயரின் ஆணையால் அகற்ற இயலவில்லை.

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் நடைபாதையில் செருப்புத் தைத்தவர் சூசை. பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறித்தவர். 1982இல் அவருடன் அதே இடத்தில் தொழில் செய்த பட்டியல் சாதித் தொழிலாளர்க்கு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கப்பட்டன, அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதை மெய்ப்பிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி, 1985 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது.

மூன்றாம் பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தது. கிறித்தவ ஆதிதிராவிடர்க்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தின் ஒரு பகுதி சபைகளின் அலமாரிகளில் உள்ளது. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் கல்லறைத் தோட்டங்களின் பிரிவுகளும் மிஷனரிக் கடிதங்களும் சாதியின் தொடர்ச்சியைக் காட்டவல்லவை. அவற்றைத் திரட்டுவது மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி. தில்லியில் சம உரிமை கோரும் திருச்சபைகள் அவ்வேடுகளைத் திறந்து வைக்க வேண்டும். தம் கல்லறைத் தோட்டங்களின் பிரிவுச் சுவர்களையும் இடிக்க வேண்டும். 1833இல் இடப்பட்ட ஆணை இன்னும் முழுமையாக நிறைவேற்றப்படவில்லை.