அறுபத்து மூணு ரூபாய் இடிக்குது

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வங்கிக் கிளையில் யாராவது "அறுபத்து மூணு ரூபாய் இடிக்குது" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீடு போக முடியாது. முகப்பேர் கிழக்கில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதன்பின் ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. உலக வங்கிக் கடனில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் கொடுக்க, முகப்பேரில் ஆட்கள் குடியேறினார்கள். வங்கிகளும் பின்னாலேயே வந்தன. கம்ப்யூட்டர் பற்றித் தொழிற்சங்கங்களோடு 1983-இல் ஒப்பந்தம் ஆகி, 1984-இல் அதை ஆராய்ந்த ரங்கராஜன் குழு அறிக்கையும் கொடுத்துவிட்டது. ஆனால் சாதாரணக் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர வருஷங்கள் ஆயின. அதுவரை லெட்ஜரும் பேனாவும் பித்தளை டோக்கனும்தான்.

ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எழுதிக் கூட்டினால் வரும் தொகை, பொதுப் பேரேட்டின் மொத்தத்தோடு டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தேட வேண்டும். "நான் லெட்ஜரைத் தொடவே மாட்டேன் சார். முதல்ல ஒன்பதால வகுத்துப் பார்ப்பேன்" என்கிறார் அவர்.

அங்கேதான் அதிசயம். அவசரத்தில் எழுதும் கை பெரும்பாலும் செய்யும் பிழை, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போடுவது. 4,281-ஐ 4,218 என்று எழுதினால் வித்தியாசம் 63. 81-இல் 8 என்பது எண்பது. இடம் மாறி வலப்பக்கம் வந்தால் வெறும் எட்டு. அதாவது அந்த இலக்கம் தன்னைப் போல் ஒன்பது மடங்கை இழக்கிறது. அதன் இடத்துக்கு ஏறும் 1, தன்னைப் போல் ஒன்பது மடங்கைப் பெறுகிறது. ஆகவே வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான்.

இன்னும் சுவை, வகுத்து வரும் ஈவில் இருக்கிறது. 63-ஐ ஒன்பதால் வகுத்தால் 7. அப்படியானால் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஏழு வித்தியாசம் இருந்தாக வேண்டும்: 07, 18, 29, இவற்றின் தலைகீழ். நூறு வகை இலக்க ஜோடிகளில் ஆறே ஆறு! 630 இடித்தால் பிழை ஓரிடம் தள்ளி, பத்து, நூறு இடங்களில் இருக்கும். 500-ஐ 50 என்று ஒரு சைபர் விழுங்கி எழுதினாலும் வித்தியாசம் 450, அதுவும் ஒன்பதில் அடங்கும். வகுத்தால் தப்பாக எழுதிய 50-ஏ வெளியே வந்து நிற்கும். தற்செயலாகவும் ஒன்பதுக்கு ஒரு முறை இப்படி வகுபடும் என்பதால் சில ராத்திரிகளில் ஏமாந்ததும் உண்டாம்.

அந்த மனக்கணக்கின் உறவுக்காரன் இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறான். ஏடிஎம் அட்டையின் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது: வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் முடிவில் சைபர் வர வேண்டும். இரட்டிக்கும் இடமும் இரட்டிக்காத இடமும் மாறி மாறி வருவதால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் கெட்டுவிடும். தப்பிப்பது ஒரே ஜோடி: 09-ம் 90-ம். ஒன்பதை இரட்டித்தால் 18, அதில் ஒன்பது போனால் மறுபடி ஒன்பதேதான்! அந்த ஓட்டையையும் அடைத்த முறையை டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்டார். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அவருடையது.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு காவல் இலக்கம் கிடையாது. நெஃப்டில் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல், அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்க வசதி வந்திருக்கிறது. எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரை ஒரு முறை வாசித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.